இன்று எந்த சாருக்குப் பிறந்தநாள்?

தொண்ணூறுகளில் சேகர் அண்ணன் பம்மலில் ஒரு சின்ன இல்லத்தில் இருந்தான். அவனையும் சேர்த்து மனவளர்ச்சி குன்றியவர்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரே கக்கூஸ். வாசலில் மட்டும் 'அன்பே எங்கள் மூச்சு' என்று பெரிய போர்டு.

ஞாயிறானால் யாராவது ஒரு சார் குடும்பத்தோடு வந்து தன் பிறந்தநாள் கேக்கை வெட்டுவார். இவர்கள் வரிசையில் நின்று, கைகூப்பி, வாழ்த்துப் பாடி முடித்தால்தான் சாப்பாடு.

இன்று அண்ணனுக்கு ஐம்பத்தைந்து. குரோம்பேட்டை பேக்கரியில் அவன் முன்னால் கேக்கை வைத்தோம். சட்டென்று எழுந்து கைகூப்பினான்.

"இன்னிக்கு எந்த சாருக்குப் பர்த்டே?"

"உனக்குத்தாண்ணா."

கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தான்.

"அப்ப நீங்கல்லாம் எழுந்து லைன்ல நில்லுங்க."

நின்றோம், பேக்கரிக்காரர் உட்பட. பாடி முடிக்கும்வரை யாருக்கும் கேக் இல்லை.

அன்றைய சார்களே, இதைப் படித்தால் நீங்களும் வந்து பாடிவிட்டுப் போங்கள். நாற்காலி மட்டும் கேட்காதீர்கள்.