முதல் வாரமே சாகவேண்டிய மனைவி

என் கணவர் எழுதிய ஐந்து புத்தகங்களையும் இப்போது காலத்தை வென்றவை என்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவற்றை வென்றது கறையான்தான். கடல் வற்றிப்போன பிறகு வலையையும் வள்ளத்தையும் தூக்கிக்கொண்டு நட்சத்திரங்களுக்குத் தொழிலுக்குப் போகும் மீனவர்களின் கதை. பகலில் கந்தோரில் கிளார்க், பின்னேரத்தில் விண்வெளி, அதுதான் அவருடைய வாழ்க்கை. யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்று மட்டமான தாளில் அடித்துக் கொடுத்தது. எங்கள் ஊரான பேசாலையில் அந்தத் தாளில் கருவாடு சுற்றினார்கள். நானும் சுற்றியிருக்கிறேன்.

அவர் செத்துப் பல வருடங்கள் கழித்துக் கொழும்பில் யாரோ கண்டெடுத்து, ஆகா ஓகோ என்று எழுதப்போக, கனடாவிலிருந்தெல்லாம் பேட்டி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஐந்தையும் வாசித்தவர் அவர்களில் ஒருவருமில்லை என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். கடைசியில் தொலைக்காட்சித் தொடர் எடுக்க ஓர் இயக்குனர் வந்து சேர்ந்தார். மழிக்காத தாடி, முழங்காலில் கிழித்துவிட்ட காற்சட்டை. எங்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டு, அச்சாக வேறொரு கிரகம் மாதிரியே இருக்கிறது என்று பரவசப்பட்டார். பிறந்ததிலிருந்து நான் அந்தக் கிரகத்தில்தான் இருக்கிறேன் என்று சொன்னேன். அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். காற்றாலைகள் அவருக்குப் பிடித்திருந்தன. கரையில் திரியும் கழுதைகளைத்தான் விரட்டச் சொன்னார்.

நான் சம்மதித்தது என் புத்திகெட்ட வேலை. புத்தகத்தில் இருக்கிறபடியே எடுப்போம் என்று அவர் சொன்னதை நம்பினேன். கதையைத் திரைக்கு எழுதி முடித்ததும் மரியாதைக்காக வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினார். தொடரின் முதல் வாரத்திலேயே கப்பல் தலைவனின் மனைவி செத்துப்போனாள்.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐந்து புத்தகங்களிலும் அவள் தொடக்கத்தில் மட்டும் வருவாள். கடற்கரையில் இடுப்பில் பனையோலைக் கடகத்தோடு நின்று அவனை ஏசுவாள். அவன் கப்பலில் ஏறிப் போய்விடுவான். பிறகு புத்தகம் முடியும்வரை அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. கடகமும் வாயும் யாருடையவை என்று ஊருக்கே தெரியும். அவர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எழுதியதிலெல்லாம் எனக்குக் கிடைத்தது இந்த ஐந்து துண்டுகள்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு என்னைப் பெட்டியில் போட வந்திருந்தார் இந்தத் தாடிக்காரர்.

ஏன் சாகவேண்டும் என்று கேட்டேன்.

“ஹீரோ ஏன் ஊரை விட்டுப் போறார்னு பார்க்கிறவங்களுக்கு விளங்கணும்மா. மனைவி செத்தா ஒரு காரணம் வந்திடும்.”

“அவள் உயிரோட இருக்கேக்கதானே தம்பி அஞ்சு தரமும் போறார். செத்த பிறகு போறதில என்ன கெட்டித்தனம்?”

அதை அவர் காதில் வாங்கவில்லை. காதில் வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மனைவியாக நடிக்கும் பெண் வார இறுதியில்தான் கொழும்பிலிருந்து வருவாள், அன்றைக்குச் செத்த வீட்டை எடுப்பது, அதற்கு முன்னால் வள்ளங்கள் புறப்படும் காட்சியை முடித்துவிடுவது என்பது அவருடைய ஒழுங்கு. பைபர் வள்ளங்களுக்கெல்லாம் வெள்ளித் தாள் ஒட்டினார்கள். கண்டமேனிக்கு ஒட்டியதில் பாதி அன்றைக்கே காற்றில் பறந்து பனைகளில் தொங்கியது. மீதியைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாமாம். ஊர் வள்ளங்கள் எல்லாம் விடியற்காலையில் ஒன்றாய் இறங்கவேண்டும், அதுதான் முழுத் தொடருக்கும் முகமான காட்சி என்று கைகளை விரித்துக் காட்டினார்.

அந்தக் காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் துக்க மணி அடித்தது. எங்கள் ஊர் கத்தோலிக்க ஊர். ஆள் செத்தால் கோயிலில் அடிக்கும் மணி தனி விதம். குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாலும் விளங்கும். யார் போனது என்று எல்லோரும் ஒழுங்கைக்கு ஓடிவந்தோம். போனது நான்தான். செத்த வீட்டுக் காட்சிக்கு இயக்குனருக்கு அசல் சத்தம் வேண்டும் என்பதற்காக அவருடைய உதவியாளர் ஒருவர், எப்படி அடிப்பது என்று சந்தியில் விசாரித்து, பங்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை கேளாமல் கயிற்றை இழுத்திருக்கிறார். ஒரு வேலையும் உருப்படியாய்ச் செய்யாத அந்தக் கூட்டத்தில், இதைமட்டும் பிசகாமல் செய்துவிட்டார்கள்.

விடிந்தபோது வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதன்கூட இறங்கவில்லை. எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. இயக்குனர் அங்குமிங்கும் ஓடினார். இது நாடகம், யாரும் சாகவில்லை என்று ஒவ்வொருவரிடமும் விளக்கினார். பாவம், அவர்களுக்கு அது தெரியாது என்று நினைத்தார் போலும். வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி பொறுமையாய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நாடகம் எண்டு எங்களுக்கும் தெரியும். ஆனா மணி அடிச்சாச்சு. அடக்கம் முடியாமல் நாங்கள் இறங்கிறேல்ல.”

அப்படியென்றால் இப்போதே ஒரு வெறும் பெட்டியைப் புதைத்துவிடலாம் என்றார் இயக்குனர். ஆளில்லாத பெட்டிக்குக் குழி வெட்ட இந்த ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள் என்றார் சம்மாட்டி. இயக்குனர் சுவாமியிடம் ஓடினார். நிற்கச் சொன்னதும் நானில்லை, போகச் சொல்லவும் என்னால் முடியாது என்று சுவாமி அனுப்பிவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த கமராக்கள் குடையின்கீழ் சும்மா கிடந்தன. எனக்கு அவ்வளவு சந்தோசம், மறைப்பானேன்.

நானும் அங்கேதான், அவர்கள் போட்ட பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். அவர் திரும்பி வந்ததும் சொன்னேன்.

“செத்தாத்தானே தம்பி அடக்கம். அவளை உயிரோட விடுங்கோ. மணி பிழையா அடிச்சுப்போட்டுது எண்டு சொல்லுவம்.”

இயக்குனர் சம்மாட்டியைப் பார்த்தார். ஆள் சாகவில்லை என்றால் பிறகென்ன தடை என்று சம்மாட்டி சொன்னார். நாடகத்தில் சாகமாட்டாள், கடைசிவரை சாகமாட்டாள் என்று இயக்குனரை எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தார். சம்மாட்டி என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வள்ளங்களை இறக்குவதற்கு ஆட்கள் எழும்பினார்கள்.

என்னைச் சாகடிக்காமல் விட்டது பெரிய உபகாரம் என்பதுபோல இயக்குனர் எனக்கு முன்னால் வந்து மணலில் குந்தினார். முகம் சுருங்கிப்போயிருந்தது. வேலை தெரியாத ஆள், வாசிக்கத் தெரியாத ஆள் என்று அவரைப் பற்றி நான் நினைத்ததில் எதையும் இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

“சரிம்மா, அவங்க உயிரோடயே இருக்கட்டும். அப்ப அவர் ஏன் அவங்களையும் கூட்டிட்டுப் போகல்ல? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க.”

பேட்டி எடுத்தவர்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மண்ணை விட்டுப் பிரிய மறுத்த பெண் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள், நானும் விட்டுவிட்டேன். கேட்க நல்லாயிருந்தது. ஆனால் ஐந்து புத்தகங்களையும் எத்தனையோ தரம் புரட்டியவள் நான். அவள் மறுக்கிற இடம் ஒன்றிலும் இல்லை. கந்தோரில் மாற்றல் கடிதம் கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பினாலும் தனியே பெட்டி கட்டியவர் அவர். இவ்வளவு பெரிய வானத்தைக் கட்டியெழுப்பியபோதும் எனக்கு அதில் குந்த ஒரு பலகை போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பொய் ஒன்று சொல்லித் தாடிக்காரரை அனுப்பியிருக்கலாம்.

“அவர் கேக்கேல்ல, தம்பி,” என்றேன். “கேட்டிருந்தா நான் ஏறியிருப்பன்.”