கடலில் நிறம் தெரியாது

"எத்தனை நாளா ரத்தமா போகுது?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியலையே சார். நாங்க கடல்லதான் போவோம்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். விடியலில் வள்ளம் ஏறினால் கரை திரும்பும்வரை நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வயிறு நிறைந்தால் மூச்சடக்க முடியாது என்பார்கள். நீர் கழிப்பதும் கடலுக்குள்தான். இடுப்பில் வலித்தபோது, கயிறு இழுத்த வலி என்று விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் வெள்ளை மணலில் கழித்தேன். மணல் சிவந்தது. என் மனைவி செலின் அன்றே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கை நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மருந்தை வடிக்கிற சிறுநீரகம் படத்தில் வெள்ளையாகத் தெரியுமாம். வலது பக்கம் தெரிந்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. யூரேட்டரைக் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்) கல் அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது, இடது சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வலதிலும் சின்னக் கல் ஒன்று இருந்தது. அது தனியாகத் தாங்குமா என்பதை மட்டும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. "அது என்ன வேலைதான் சார் செய்யுது?" என்று கேட்டேன்.

அவர் படம் வரைந்து காட்டினார். விலாவுக்குக் கீழே, முதுகை ஒட்டி, கைமுட்டி அளவில், அவரை விதை வடிவில் இரண்டு. உள்ளே லட்சக்கணக்கில் நெஃப்ரான்கள் (நுண்ணிய வடிகட்டிகள்). ஒவ்வொன்றிலும் மெல்லிய ரத்தக்குழாய்களின் சிடுக்கு. நீரும் உப்பும் சர்க்கரையும் கழிவும் சேர்ந்தே அதிலிருந்து ஒரு சிறு குழாய்க்குள் வடிகின்றன. உடம்புக்கு வேண்டியதை அந்தக் குழாய் திரும்ப எடுத்து ரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது. மிச்சம்தான் சிறுநீர். கழிவை மட்டும் தேடிப் பிடித்து வெளியே தள்ளும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதுவோ வலையைக் கரையில் உதறி, வேண்டிய மீனைப் பொறுக்கிக்கொள்கிற வேலை.

அறுவை முடிந்து கதீட்டர் (சிறுநீர் வடிய வைக்கும் குழாய்) போட்டிருந்தார்கள். கட்டிலோரம் தொங்கிய புட்டி காலை முழுவதும் காய்ந்தே கிடந்தது. செலின் தரையில் உட்கார்ந்து, ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். டாக்டர் வந்து புட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் தாண்டித்தான் செலின் குனிந்து புட்டியைத் தொட்டாள்.

"வந்துட்டுங்க. தெளிவா வருது."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது நான் சங்கு குளிப்பதில்லை. குளிப்பவர்களுக்குக் கயிறு பிடிக்கிறேன். வள்ளத்தில் எனக்கென்று ஒரு குடம் தண்ணீரும் வெள்ளைப் பீங்கான் குவளையும் உண்டு. குவளையில் கழித்து, நிறம் பார்த்துவிட்டே கடலில் ஊற்றுவேன். "அண்ணாச்சிக்குக் கடல்ல எடம் பத்தலையாம்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்கள் மூச்சடக்கிக் கீழே கிடக்கும் நேரத்திலும் என் முதுகுக்குள் அந்த ஒற்றைச் சிறுநீரகம் வடித்துப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. முன்பு ஒரு மூச்சின் நேரம் எனக்குச் சங்கு தேட மட்டும்தான் இருந்தது.

போன வாரம், எங்களோடு குளிக்கிற சூசை வள்ளத்தில் ஏறியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேலியில் முதல் ஆள் அவன்தான்.

"அண்ணாச்சி, அந்தக் குவளையக் கொஞ்சம் தாங்க" என்றான்.

எங்களுக்கு முதுகு காட்டி நின்று கழித்தவன், குவளைக்குள் பார்த்தபடி வெகுநேரம் திரும்பவில்லை.