வெட்டிக் காயப்போட்ட செடி

பிள்ளைகளே, என் மனைவியின் அக்கா தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பியபோது, ஒரு பால்மாப் பேணியை, பால்பவுடர் வரும் தகர டப்பாவை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நான் அவரை மச்சாள் என்பேன். பேணிக்குள் உள்ளங்கையளவு செடி. தடித்த இலைகள் பூவிதழ் போல அடுக்கடுக்காக இருக்கும். முகாமில் பக்கத்து வீட்டுத் தோழி கொடுத்தது. அந்தத் தோழிக்கு இன்னும் திரும்பி வர வாய்க்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார். முதற்கேள்வியே, "என்ர செடிக்கண்டு எப்பிடியடி இருக்கு?" என்பதுதான்.

எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் அருமை. குடித்து மிஞ்சிய ஒரு வாய்த் தண்ணீரையும் வீணே கொட்ட மாட்டோம். ஏதாவது செடிக்கு ஊற்றுவோம். பேணி வாசற்படியில் இருந்ததால் கடலால் வந்தவர், பள்ளியால் வந்தவர், விருந்தாளி எல்லோருடைய மிச்சமும் அதற்குள் போனது. அன்புதான். ஆனால் அந்தச் செடி தனக்கு வேண்டிய நீரை இலைக்குள்ளேயே வைத்திருக்கும். வேர் ஈரத்தில் நின்றால் அழுகிவிடும். ஒருநாள் அடித்தண்டு கறுத்துக் குழைந்துபோனது. அந்த ஞாயிறு மச்சாள் அழைப்பை எடுக்கவில்லை.

மீன் வெட்டும் கத்தியைக் கழுவித் துடைத்து, அழுகலுக்கு மேலே தண்டை வெட்டினார். நல்ல இலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுளகில், அதாவது முறத்தில், பரப்பி நிழலில் வைத்தார். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"வெட்டின இடம் காயவேணும். ஈரத்தோட நட்டா திரும்ப அழுகும். அங்க அவளும் இப்பிடித்தான் செய்யிறவள்."

அவருடைய கணவர் எட்டிப் பார்த்தார். "நான் வருத்தம் வந்து படுக்கையில கிடந்தாலும் இப்பிடித்தான் வெட்டிக் காயப்போடுவியோ?"

"முளைப்பீங்கள் எண்டால் வெட்டலாம்."

கடற்கரை மண்ணில் உப்பு. அதனால் ஆற்று மணலோடு உடைந்த ஓட்டுத் துண்டுகளைக் கலந்து, அடியில் துளையிட்ட பேணிகளில் நிரப்பினார். காய்ந்த இலைகளை அதன்மேல் சும்மா கிடத்தினார். மண் நன்றாகக் காய்ந்த பிறகே கொஞ்சம் தண்ணீர். செய்து பாருங்கள், கட்டாயம் வரும். இலை தண்டிலிருந்து கழன்ற அடிப்பக்கத்தில் நூல் போல வேர் விடும். பிறகு கடுகளவில் குருத்து எட்டிப் பார்க்கும். மச்சாளின் பேணிகளிலும் அப்படியே வந்தது.

அதுவரை ஞாயிறுதோறும் தோழிக்கு ஏதோ சாட்டுச் சொல்லிச் சமாளித்தவர், போன ஞாயிறு தானாகவே அழைத்து, மதிலில் வரிசையாக இருந்த பேணிகளைக் காட்டினார். தோழி முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து ஒவ்வொரு பேணியாகப் பார்த்தார்.

"இதில எதடி என்ர?"

"எல்லாம் உன்ரதான். வந்து எடு."