நடுக்கட்டையின் சூடு

சூட்டக்காவிடமிருந்து எனக்கு முதலில் கிடைத்தது திட்டுதான்.

பூச்சியியலில் பட்டம் வாங்கி, ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கும் அலுவலகத்தில் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதனால் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போடும் வழக்கமே எனக்கு இல்லை. அதைத் தொங்கவிட்டபடி மரப்பெட்டி செய்யும் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தேன். இரும்புக் கதவு போட்ட ஓர் அறை தென்பட்டது. கேட்காமல் கொள்ளாமல் திறந்துவிட்டேன். வெந்நீர் அண்டாவின் மூடியைத் தூக்கியதுபோல் முகத்தில் சூடு அறைந்தது.

"கதவை மூடுங்க சார். இருபத்தாறு நிமிஷத்தைக் காத்துல விட்டுட்டீங்க."

பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, கையில் துளைபோடும் இயந்திரம். கோபம்கூட இல்லை, பொங்கி வழிந்த பாலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"படிச்சவர் வந்தா கதவு தானாத் திறக்கும்னு சொல்வாங்க. இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன். பட்டறையே சிரித்தது.

அந்த இருபத்தாறு நிமிடத்தின் அருமை எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். இயந்திரமோ பளிங்குக் கல்லோ, கப்பலேறும் எதுவானாலும் அதைச் சுமக்கும் மரப்பெட்டிக்குள் துளைவண்டின் புழு ஒளிந்துபோய்விடக் கூடாது. போகிற ஊரில் அதைக் கட்டுப்படுத்தும் குளவியோ பறவையோ இருக்காது; காடு காடாக மரங்கள் பட்டுப்போகும். ஆகவே கட்டையின் நடுப்பகுதிவரை ஐம்பத்தாறு டிகிரி சூடு ஏறி, அரை மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் பெட்டியில் கோதுமைக் கதிர்ப் படமும் பட்டறையின் உரிம எண்ணும் கொண்ட முத்திரை விழும். என்னால் அன்று அவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மரத்தைச் சூடேற்றும் அந்த அறையை, அதாவது சேம்பரை, ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்வது அவர்தான். அதனால்தான் சூட்டக்கா என்ற பெயர். எட்டாவதோடு பள்ளியை விட்டவர். பழைய பலகைகளிலிருந்து ஆணி பிடுங்கும் வேலைக்கு அங்கே வந்தவர். கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறார். மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கை வைத்து "முப்பத்தெட்டரை" என்றாராம். மருந்துக் கடையில் காய்ச்சல்மானி வைத்துப் பார்த்தால் அதேதான். "எங்கம்மாவை ஏமாத்தி லீவு போட முடியாது சார், உடம்பே காட்டிக்கொடுத்துடும்" என்று அந்தப் பெண் என்னிடம் குறைபட்டிருக்கிறாள்.

மாதம் ஒருமுறை நான் போவேன். அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் பழகிவிட்டது. அடுக்கில் மிகத் தடிமனான இரண்டு கட்டைகளைத் தேர்ந்தெடுப்பார். அதுவும் சூடு கடைசியாக எட்டும் மூலையில் இருப்பவை. அவற்றின் நடுமையம்வரை துளை போட்டு, சூட்டை அளக்கும் கம்பியைச் செருகுவார். பிறகு துளையின் வாயை மக்கு என்னும் அடைப்புக் களிம்பு வைத்து அடைப்பார், எறும்புகூட நுழையாதபடி. கம்பி சொல்வதை வெளியே ஒரு கருவி வரைபடமாக வரைந்துகொண்டே போகும். ஐந்து மணி நேரமோ ஆறு மணி நேரமோ கழித்துத்தான் கோடு ஐம்பத்தாறைத் தொடும். அந்த வரைபடத்தில்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் மக்கு தீர்ந்துபோனது. டப்பாவில் இருந்ததும் கல்லாக இறுகியிருந்தது.

"மக்கு இல்லையா? நம்ம மேனேஜரை வச்சு அடைங்கக்கா" என்றாராம் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்.

அக்கா முதலாளியிடம் கேட்டிருக்கிறார். ஒரு பெரிய இயந்திரக் கம்பெனிக்குப் பெட்டிகள் போக வேண்டிய அவசரம். "ஒரு ஓட்டையை அடைக்கறதுக்கு டவுனுக்கு ஆள் அனுப்பணுமா? மரத்தூளும் பசையும் மலையாக் கிடக்குல்ல" என்றிருக்கிறார் அவர். அக்காவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மரத்தின் ஓட்டையை மரத்தைக் கொண்டே அடைப்பதில் என்ன தப்பு? தூளைப் பசையில் பிசைந்து அடைத்தார். ஐந்து முறை சேம்பர் ஓடியது. இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள் முத்திரையோடு போயின. அந்த மாதம் வரைபடங்களைப் பார்த்த நான், "என்னக்கா, அந்த ஒரு வாரம் மட்டும் மூணே மணி நேரத்துல முடிஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

"பர்னரைச் சுத்தம் பண்ணோம் சார். அதுவா இருக்கும்."

ஐந்து தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கூடவே மூன்று படங்கள். பெட்டியின் அடிக்கட்டையில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமான துளை. அதன் கீழே குருணைபோல் மரத்தூள். பிளந்த கட்டைக்குள் விரல் நீளத்தில், வெள்ளைவெளேரென்று, உயிரோடு ஒரு புழு. பக்கத்திலேயே முத்திரை, பட்டறையின் எண் பளிச்சென்று.

படங்களோடு பட்டறைக்குப் போனேன். முதலாளி பார்த்ததும், "எவனோ நம்ம முத்திரையைத் திருட்டுத்தனமாப் போட்டிருக்கான்" என்றார். பழைய வரைபடங்களை எடுத்து மேசையில் வைத்தார். "பாருங்க, ஐம்பத்தாறு, அரை மணி. உங்க கையெழுத்தும் இருக்கு. காகிதம் சுத்தமா இருக்கு தம்பி." அந்தக் கடைசிச் சொல்லில் என்னையும் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

சூட்டக்கா படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஐந்து வரைபடங்களையும் அதற்கு முந்தைய மாதத்தின் ஐந்தையும் தரையில் வரிசையாகப் பரப்பினார். முந்தையவற்றில் கோடு மாட்டுவண்டி மேடேறுவதுபோல் ஏறியிருந்தது. அந்த ஐந்தில் மட்டும் ஏணி சாய்த்ததுபோல் நின்றது.

"சார், இது கட்டையோட சூடு இல்லை" என்றார். குரல் இறங்கிவிட்டது. "தூள் காஞ்சு உதிர்ந்திருக்கு. ஓட்டை வழியா வெளிச் சூடு கம்பியில போய்த் தட்டியிருக்கு. கம்பி காத்தோட சூட்டைத்தான் சொல்லியிருக்கு. கட்டைக்குள்ள நாற்பதுகூட ஏறியிருக்காது."

"உன்னை யார் கேட்டா?" என்றார் முதலாளி.

"கேக்காட்டியும் அதுதானே நடந்தது."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. பன்னிரண்டு பேர் பொழப்பு இதுல இருக்கு."

அவர் முதலாளி பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "மிச்சப் பெட்டிங்க எங்க இருக்கு சார்? அதை நிறுத்த முடியுமா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை. வண்டு வெளியே வருவதற்குள் பெட்டிகளைப் பிடித்துவிட்டால் மருந்துப் புகை போட்டோ எரித்தோ கதையை முடித்துவிடலாம். ஆனால் முத்திரையில் பட்டறையின் எண் இருக்குமே தவிர, எந்த நாள், எந்தச் சேம்பர் ஓட்டம் என்பது இருக்காது. அலுவலகத்துக்கு வந்து நடந்ததை அப்படியே எழுதினேன், என் கையெழுத்து உட்பட. இயந்திரக் கம்பெனியிடம் அனுப்பிய பட்டியலை வாங்கினேன். சரக்கு மூன்று நாடுகளுக்குப் போயிருந்தது. மூன்று வாரம் தொலைபேசியும் மின்னஞ்சலுமாகக் கிடந்தேன். தினமும் வேலை விட்டதும் அக்கா எங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்.

"இன்னைக்கு எத்தனை?"

"பன்னிரண்டு."

மறுநாள், "எத்தனை?"

"ஒண்ணுமில்லக்கா."

முதல் நாட்டில் ஒரு கிடங்கில் பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருந்தன; எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள். மொத்தம் அறுபத்தொன்று. மற்ற இடங்களிலிருந்து வந்த பதில்களை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு கம்பெனி, பெட்டிகளைப் பழைய மரம் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டதாகவும் அவர் கடையை மூடிவிட்டதாகவும் எழுதியிருந்தது. இன்னொன்று, ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள் என்றது. அலமாரி செய்ய, கோழிக்கூண்டு செய்ய, குளிர்காயச் சிலர். மூன்றாமவர் பதிலே போடவில்லை.

"குளிர்காய எடுத்துப் போனது தேவலை" என்றார் அக்கா. "அலமாரி செஞ்சவன் வீட்டுப் பக்கம் மரம் இருக்குமா சார்?"

"தெரியலக்கா."

"அந்தப் புழு உள்ள எவ்வளவு நாள் இருக்கும்?"

"ஒரு வருஷம். ரெண்டு வருஷம்கூட இருக்கும்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டம் வாங்கிய அன்று ஊரே என்னைப் பார்க்க வந்தது. இப்போது ஒரு பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கு வக்கில்லை.

"ஒன்பது வருஷம் ஒரு புழுவை வெளியே விட்டதில்லை" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

பட்டறையின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. அதோடு என் பாடு முடிந்தது. பட்டறையில் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். முதலாளி அக்காவைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை; அவரே நின்றுகொண்டார். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் வேறு வேலை தேடி அலைந்த நாட்களில் கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் மாறிப் போனார். ஒரே ஒருமுறை நேருக்கு நேர் பட்டுவிட்டபோது, "நீங்க பேசாம இருந்திருந்தாலும் அந்தப் புழு செத்திருக்காதேக்கா. அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாராம். இதை அக்காதான் என்னிடம் சொன்னார்.

"நான் சொன்னா பெட்டியைப் புடிச்சிருவீங்கன்னு நெனச்சேன் சார்" என்றும் சொன்னார். அது குற்றச்சாட்டில்லை. ஆனாலும் இன்றுவரை என் காதில் அப்படித்தான் விழுகிறது.

பட்டறை மறுபடி திறந்துவிட்டது. இப்போது துளைகளை ரப்பர் மூடியால் அடைக்கிறார்கள். சேம்பரை வேறொருவர் பார்க்கிறார். சூட்டக்கா பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மடிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்குத் திரும்புகிறார். நூற்று ஐம்பத்து மூன்று பெட்டிகள் இன்னும் கிடைக்கவில்லை.