பழுவூர்க்காரி

கொத்திப் புரட்டித் தண்ணீர் தெளித்த செம்மண்ணின் வாசனை, ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் அப்பாவின் வேட்டியிலும் தங்கை செல்வியின் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வரும். அது கபடிக் களத்தின் வாசனை. எங்கள் ஊர் உடையார்பாளையத்து அணி எங்கே ஆடினாலும் அப்பா போய்விடுவார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். சைக்கிளில் அவர் ஏற்றிக்கொண்டு போவது செல்வியை மட்டும்தான். "அவளுக்குத்தான் தொண்டை இருக்கு. நீ அடுத்த தடவ வா" என்பார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

சாப்பிடும்போது இருவரும் ஆட்டத்தை மறுபடி ஆடுவார்கள். யார் 'பாடிப்போய்' எத்தனை பேரைத் தொட்டான், யார் கால் 'புடி'யில் சிக்கியது என்று பேசி, ஆட்டக்காரர்களை 'நம்ம பசங்க' என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம், அந்த 'நம்ம'வில் நான் இல்லை என்று எனக்கு வயிறு எரியும்.

எனக்குப் பத்து வயதான பொங்கல் விடுமுறைக்கு அம்மாவோடு அவள் பிறந்த ஊரான கீழப்பழுவூருக்குப் போயிருந்தேன். அங்கே நடந்த போட்டியில் கடைசி ஆட்டம் பழுவூருக்கும் உடையார்பாளையத்துக்கும். மாமா என்னைத் தன் ஊர்க்காரர்களுக்கு நடுவே உட்காரவைத்தார். அணியோடு வந்திருந்த அப்பா எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். அவர் தோளில் செல்வி. கடைசி நிமிடத்தில் பாடிவந்த உடையார்பாளையத்துக்காரரைப் பழுவூரார் நான்கு பேர் சேர்ந்து அமுக்கியபோது, நான் எழுந்து நின்று கைதட்டிக் கத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் கத்தினேன்.

ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம்னு தெரிஞ்சுதான் கத்துனியா?"

"ஆமாம்பா."

"சரி. இனிமே மாத்தாத."

அவ்வளவுதான். ஒரு அடி அடித்திருந்தால் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'பழுவூர்க்காரி' என்று பெயராயிற்று. அந்த இரண்டு ஊரும் மோதும் நாளில் அப்பாவே என்னைப் பஸ் ஏற்றி மாமாவிடம் அனுப்பிவைப்பார். நான் பழுவூராரோடு உட்கார்ந்து அவர்களுக்காகக் கைதட்டிக்கொண்டே, உடையார்பாளையம் ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வேன்.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் செல்வி தன் போனில் அவருக்கு ஆட்டங்களைக் காட்டுவாள். ஒருநாள் நானும் எட்டிப் பார்த்தேன். "அவளுக்குக் காட்டாத, அவ அந்தப் பக்கம்" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது அப்பா இல்லை. ஆடியவர்கள் வேலைக்கென்று வெளியூர்களுக்குப் போய்விட, பழுவூர் அணியும் கலைந்துவிட்டது. பெரம்பலூரில் வளரும் என் மகள், விடுமுறைகளில் செல்வியோடு உடையார்பாளையம் ஆடுவதைப் பார்க்கப் போவாள். போன மாதம் இருவரும் கிளம்பி நின்றபோது, "நீ எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள்.

"உங்கம்மா பழுவூரு" என்றாள் செல்வி.

"இல்லடி. நான் எப்பவும் உடையார்பாளையம்தான்" என்றேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

செல்வி சிரித்தாள். அவள் நம்பவில்லை.