மகளின் பெயருக்கு வந்த இரண்டு கடிதங்கள்

என் மகளுக்கு வந்த ஒரு கடிதத்தை நான் திறந்து படித்தேன். பிறகு அவளிடம் கொடுக்காமல் ஒளித்து வைத்தேன். குழந்தை பெற்ற பெண்களின் மனநலத்தைக் கவனிக்கும் மருத்துவமனைப் பிரிவு ஒன்று அதை அனுப்பியிருந்தது. அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலை வரும்படி அதில் இருந்தது. அவள் போகவில்லை. அழைப்பு வந்ததே அவளுக்குத் தெரியாது. எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கடிதம் திறப்பது என் பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். லண்டனுக்கு வந்து பெட்ரோல் நிலையத்திலும் கிடங்குகளிலும் வேலை செய்தேன். ஆனாலும் சனிக்கிழமைகளில் மாஸ்டராகவே இருந்தேன். சனங்கள் கடைப் பைகளில் திறக்காத கடிதங்களை நிறைத்துக்கொண்டு வருவார்கள். உள்ளூர்க் கவுன்சில், பெனிபிட் என்ற உதவிப்பணம், குடிவரவு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதில் கலந்திருக்கும். பழுப்பு உறையைக் கண்டாலே அரசாங்கக் கடிதம் என்று பயப்படுவார்கள். நான் வெண்ணெய்க் கத்தியால் உறையைக் கீறி, படித்து, பதிலும் எழுதிக் கொடுப்பேன். உறையில் இருப்பது கணவன் பெயரா, மனைவி பெயரா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கொண்டுவந்தவர் யாரோ அவருக்கே வாசித்துச் சொன்னேன். அதை உதவி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டிலும் அதே வழக்கம். மனைவிக்கு வந்ததையும் நானே திறந்தேன், மகளுக்கு வந்ததையும் நானே திறந்தேன். மகளின் பரீட்சை முடிவை அவள் படியிறங்கி வருமுன் படித்துவிட்டு, கீழே நின்று உரத்துச் சொன்னவன் நான். அப்போது அவள் சிரித்தாள்.

மனைவி இறந்தபின் கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். மகள் ஒரு மருத்துவமனையில் மருந்தாளர். அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மருமகன் பாரிஸில் வளர்ந்து இங்கே வந்தவர், மின்சார வேலை செய்கிறார். காலை ஐந்தரைக்கே வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பேரன் பிறந்து ஒன்பது மாதத்தில் மகள் வேலைக்குத் திரும்பினாள். அவனை நேர்ஸரியில் விட்டு, ரயிலேறி, வேலை முடித்து, திரும்ப அவனை எடுத்துக்கொண்டு வந்து சமைப்பாள். நான் முழுநாளும் வீட்டில் இருந்தேன். பேரனைத் தூக்கிக் கொஞ்சுவேன், அழுதால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

முதலில் நான் கண்டது அடுப்பை. அடுப்பின் ஐந்து திருகுகளையும் அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை தொடுவாள். ஒருநாள் ரயில் நிலையத்திலிருந்தே திரும்பி வந்தாள். பால் போத்தல்களைக் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டு மறுபடியும் போடுவாள். விடுமுறை நாள் மாலைகளில் கடைச் சாமான்களோடு காரைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு இறங்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். நான் திரைச்சீலை இடுக்கால் பார்ப்பேன். போனில் கதைக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் பையில்தான் கிடந்தது.

ஒரு ஞாயிறு காலை குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவளே வாய் திறந்தாள்.

"அப்பா, எனக்கு ஏலாமல் கிடக்கு."

"ஆருக்குத்தான் ஏலும் பிள்ளை? கொம்மா ரெண்டு வேலை செய்துகொண்டெல்லே உன்னை வளர்த்தவ."

"அம்மாவும் அழுதவ. நீங்கள் பாக்கேல்லை."

"தேத்தண்ணி ஆறுது, குடி."

அவள் குடித்தாள். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தானாகவே குடும்ப மருத்துவரிடம் போய், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர் அந்த மனநலப் பிரிவுக்கு எழுதினார். அவர்களிடம் இருந்தது மகளின் பழைய போன் இலக்கம். அதனால் கடிதம் மட்டுமே வந்தது. அது வந்து விழுந்தது என் காலடியில்.

வழக்கம்போலத் திறந்தேன். படித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். முதலில் வந்த நினைப்பு, இது எழுத்தில் பதிவானால் கவுன்சிலின் சிறுவர் நலப் பிரிவுக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. இரண்டாவது, அவளுடைய மருந்தாளர் பதிவு பறிபோகும் என்பது. ஆயிரம் கடிதம் படித்தவன் இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. குழந்தையைப் பற்றி அதில் இருந்ததெல்லாம் அவனையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்ற ஒரு வரிதான்.

கிழித்துப் போடக் கை வரவில்லை. அரசாங்கக் கடிதத்தை ஒருபோதும் கிழிக்காதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொன்னவன். ஓரத்தில் இரண்டு துளை போட்டு, தண்ணீர் பில்லுக்கும் கவுன்சில் வரிக் கடிதத்துக்கும் நடுவில் பைலில் கோத்து வைத்தேன்.

அவள் வேலையால் வந்ததும் கேட்பாள்.

"எனக்கு ஏதும் கடிதம் வந்ததே அப்பா?"

"இல்லைப் பிள்ளை. பீட்ஸாக்காரன்ரை நோட்டீஸ்தான்."

ஆறு ஏழு தடவை கேட்டிருப்பாள். ஆறு ஏழு தடவையும் பொய் சொன்னேன். புதன்கிழமை கடந்து இரண்டு வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. நீங்கள் வரவில்லை, ஆகவே உங்களை மறுபடியும் குடும்ப மருத்துவரிடமே விடுகிறோம் என்று இருந்தது. படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆம், நிம்மதி. அதற்கும் துளை போட்டுக் கோத்தேன். பிறகு அவள் கடிதத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். சுகமாகிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

மாசி மாதத்தில் ஒரு நண்பகல் மருமகன் அவளை வேலையிடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு குழந்தைக்குப் போக வேண்டிய மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தபடி நின்றிருக்கிறாள். முக்கால் மணி நேரம். அளவு முதல் தடவையே சரியாகத்தான் இருந்ததாம். கூட வேலை செய்யும் பெண் வந்து விரல்களைப் பிரித்துப் போத்தலை வாங்கியிருக்கிறாள்.

கோட்டைக் கழற்றாமலே சோபாவில் இருந்தாள். வரும்வழியில் நேர்ஸரியிலிருந்து எடுத்து வந்த பேரன் மருமகனின் தோளில் இருந்தான். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அவையள் என்னைக் கூப்பிடேல்லை அப்பா. டொக்டர் அனுப்பினவர், நான் எல்லாம் உண்மையா எழுதினனான். வாசிச்சுப் பாத்திட்டு இவளுக்கு ஒண்டுமில்லை எண்டு விட்டிட்டினம். அப்ப இது வருத்தமில்லை, நோயில்லை. நான்தான் கூடாத தாய். இவன் வேறை ஆரிட்டையும் வளந்தால் பாதுகாப்பா இருப்பான்."

அந்தக் கடிதம் கைக்கு வராதது இத்தனை மாதங்களில் அவளுக்குள் என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உதவி கேட்டாள், பதில் வரவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மருத்துவரிடம் மறுபடி போ என்று நல்ல தகப்பனாகப் புத்தி சொல்லியிருக்கலாம். அந்த யோசனையும் வந்தது. ஆனால் 'நான்தான் கூடாத தாய்' என்ற சொல் அவள் வாயில் இருக்கும்வரை அவள் எந்த வாசலையும் மறுபடி தட்டமாட்டாள் என்று தெரிந்தது. மேலே போய்ப் பைலை எடுத்து வந்தேன். வளையத்தைத் திறந்து இரண்டு கடிதங்களையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் தன் பெயரைப் படித்தாள், பிறந்த திகதியைப் படித்தாள், கடிதத்தின் திகதியைப் படித்தாள். மூன்று தடவை. பிறகு துளைகளை விரலால் தடவினாள்.

"பைல் பண்ணி வைச்சிருக்கிறியள்."

"ஓம்."

"கிழிச்சுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. பைல் பண்ணி வைச்சிருக்கிறியள் அப்பா." சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொருமுறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

மருமகன் கேட்டார்: "ஏன் மாமா?"

"கவுன்சில் பிள்ளையைக் கொண்டுபோயிடும் எண்டு பயந்தனான் தம்பி."

"பொய்," என்றாள் மகள். "உண்மையைச் சொல்லுங்கோ."

பேரன் தகப்பனின் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மாஸ்டரின்ரை மகளுக்கு விசர், மூளை பிழைச்சுப் போச்சு எண்டு சனம் கதைக்கும் எண்டு பயந்தனான்."

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். "அடியுங்கோ. கடிதத்திலை நம்பர் இருக்கு. ஊராக்களுக்கெல்லாம் அடிச்சுக் கதைச்சனீங்கள்தானே. என்ன செய்தனீங்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காகவே இந்த நாட்டுக்காரரோடு போனில் பேசியிருக்கிறேன். அன்று எனக்காகப் பேச வேண்டியிருந்தது. காத்திருக்கச் சொல்லிப் போனில் சங்கீதம் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒரு பெண் எடுத்ததும், நான் பாடம் நடத்திய அதே ஆங்கிலத்தில், என் மகள் வராமல் விட்டது அவளுடைய பிழையில்லை, அழைப்புக் கடிதத்தை நான் ஒளித்துவிட்டேன், அவளுக்கு இப்போது உதவி வேண்டும், இன்றே வேண்டும் என்றேன். அந்தப் பெண் என்னைக் கடிந்துகொள்ளாமல், மகள் பக்கத்தில் இருக்கிறாளா, பேச விரும்புவாளா என்று மட்டும் கேட்டாள்.

மகள் போனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மருமகனுக்கு வேலையிடத்திலிருந்து அழைப்பு வர, பேரனை என் கையில் தந்துவிட்டு வெளியே போனார். அவன் உடனே அழத் தொடங்கினான். திருப்பிக் கொடுக்க ஆளில்லை. ஒரு மணி நேரம் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் தோள் நனைந்தது, அவன் உறங்கினான்.

அடுத்த வாரமே அவளைப் பார்த்தார்கள். பிள்ளையை யாரும் கொண்டுபோகவில்லை. வேலையும் போகவில்லை. மூன்று மாத விடுமுறைக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துக் கொடுத்தார்கள். நான் பயந்ததாகச் சொன்ன எதுவும் நடக்கவில்லை.

புதன்கிழமை அவளுக்குக் கிளினிக். அன்றைக்குப் பேரன் என் பொறுப்பு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பதினான்கு வரிகள் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். முதல் நாள் நாப்பியை முன்பின்னாகக் கட்டினேன். சோறு மசித்தது கட்டியாக இருக்கிறது என்று அவன் என் கண்ணாடியில் துப்பினான். இரண்டாவது புதன் கொஞ்சம் தேறினேன். நாலாவது மாதத்தில் புதனோடு திங்களும் வெள்ளியும் சேர்ந்தன. முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும். இதைப் பிராயச்சித்தம் என்று சொல்லப் போவதில்லை. வீட்டில் செய்ய வேண்டிய வேலை, முன்பே நான் செய்திருக்க வேண்டியது.

இப்போதாவது எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்து அவளிடம் கேட்டேன். "அது என்ரை கதை அப்பா," என்றாள். "அதை நான் சொல்லுவன், சொல்லாமலும் விடுவன். நீங்கள் உங்கடை கதையைச் சொல்லுங்கோ." அவள் சொன்னது சரி. இந்தப் பக்கங்களையும் அவள் படித்து, இரண்டு இடத்தை வெட்டிய பிறகே வெளியே விடுகிறேன்.

ஒருநாள் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக் கோயிலுக்குப் போனேன். பழைய கூட்டாளி ஒருவர் வாசலில் மறித்தார்.

"என்ன மாஸ்டர், இந்த வயசிலை ஆயா வேலை எடுத்திட்டியளோ? சம்பளம் என்ன மாதிரி?"

"மகளுக்கு ஆஸ்பத்திரியாலை வந்த கடிதத்தை ஒளிச்சனான் அண்ணை. அவவைச் சரியா வருத்திப் போட்டன். இப்ப என்ரை வேலையைச் செய்யிறன்."

அவர் இருபுறமும் பார்த்தார். "மெல்லக் கதையும் காணும், ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும்."

சனிக்கிழமைகளில் இப்போதும் சிலர் கடிதங்களோடு வருகிறார்கள். வெண்ணெய்க் கத்தியை மேசையில் வைத்திருக்கிறேன். உறையில் யார் பெயரோ அவர்தான் திறக்க வேண்டும். போன மாதம் ஒருவர் மனைவியின் பெயருக்கு வந்த கடிதத்தை நீட்டி, "நீங்களே உடையுங்கோ மாஸ்டர், அவவுக்கு உதொண்டும் விளங்காது," என்றார். "அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்று திருப்பிக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை இருவருமாக வந்தார்கள். கத்தியை அந்த அம்மாவிடம் கொடுத்தேன்.

மகள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுடைய ஆஸ்பத்திரிச் செய்திகள் எல்லாம் இப்போது அவள் போனுக்கே வருகின்றன. வாசலில் அவள் பெயருக்கு விழுபவை விளம்பரங்கள்தான். அவற்றையும் திறக்காமல் படிக்கட்டில் வைக்கிறேன்.

சென்ற புதன் காலை நான் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த பட்டியலை அவளே கழற்றி ஒரு மாதமாகிறது. கோட்டைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் கண் அடுப்பின் பக்கம் போனது. நான் "அடுப்பு நிப்பாட்டியிருக்குப் பிள்ளை" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அப்படிச் சொல்வது அவளுக்கு உதவாது என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒரு காலைக் குசினிக்குள் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"வாறன் அப்பா."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முன்வாசல் படலை சாத்தும் சத்தமும் கேட்டது. நான் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன். தெருமுனைவரை போகும் நேரம், ரயில் நிலையம்வரை போகும் நேரம். அடுப்பைத் தொட அவள் திரும்பி வரவில்லை. தாயைக் காணாமல் பேரன் அழத் தொடங்கினான். எழுந்து அவனைத் தூக்கிக்கொண்டேன்.