குரல் போன பாடகர்

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரிகள் மூடிக் கிடந்த காலம். ஒரு பழைய ராக் பாடகரின் புது ஆல்பத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தோம். வந்ததும் குன்னூர் கேசட் கடையிலேயே போட்டுக் கேட்டோம்.

"குரலே போச்சு. இந்தாளு திரும்பி வராமலே இருந்திருக்கலாம்" என்று அலுத்துக்கொண்டேன்.

மூலையில், ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனித்து வந்து வேலையிழந்த டீமேக்கர் ஒருவர் நின்றிருந்தார். நரைத்த தாடி. ஃபேக்டரி மூடிய பிறகும் அதன் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் கடைவீதிக்கு வருவார்.

"ஏனுங்க, எங்க ஃபேக்டரிய நாளைக்குத் தொறந்தா மொதல்ல வர்ற டீ மோசமாத்தானுங்க இருக்கும். அதுக்காகத் தொறக்கவே வேண்டாம்னு சொல்லுவீங்களா?"

"அப்ப உங்களுக்குப் பாட்டு பிடிச்சிருக்கா?"

"இல்லீங்க, சகிக்கல" என்றார். பிறகு கடைக்காரரிடம் சவுண்டைக் கூட்டி வைக்கச் சொன்னார்.